நன்னடத்தை அலுவலர்களுக்குப் போதைப் பயிற்சி: இரண்டு நாளில் எதை வைப்பது, எதை விடுவது?

கொள்ளிடக்கரை எழுதியது:

வணக்கம். டெல்டா பக்கம் ஒரு மாவட்டத்தில் நன்னடத்தை அலுவலராக (புரொபேஷன் ஆபீசர்) இருக்கிறேன். கோர்ட் சிறைக்கு அனுப்பாமல் விட்டவர்களைக் கண்காணிக்கிற வேலை. சேர்ந்து மூன்று வருடம் ஆகப் போகிறது. அடுத்த மாதம் எங்கள் மண்டலத்தில் நன்னடத்தை அலுவலர்கள், சிறை நல அலுவலர்கள், சிறைக் காவலர்கள் சிலர் என்று முப்பது பேருக்கு இரண்டு நாள் பயிற்சி. கண்காணிப்பில் இருப்பவர்களின் குடி, போதைப் பழக்கத்தை எப்படிக் கையாள்வது என்பது தலைப்பு. "எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிச்ச பொண்ணு நீதானே" என்று ஏற்பாட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போன முறை நடந்ததற்கு நானும் போயிருந்தேன். குத்துவிளக்கு, பொன்னாடை, டீ. அப்புறம் மூளைப் படம் ஒன்றைத் திரையில் போட்டு டோபமைன், டோபமைன் என்று இரண்டு மணி நேரம். மதியம் உறுதிமொழி எடுத்தோம், சான்றிதழ் வாங்கினோம். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு முதல் ஆள் கையெழுத்துப் போட வந்து நிற்கிறார், வாடை மேசை தாண்டி வருகிறது. "ராத்திரி போட்டது மேடம்" என்றார், நான் கேட்காமலே. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அந்த இரண்டு நாளில் யாரும் சொல்லித் தரவில்லை. நான் செய்தது என்ன தெரியுமா? பார்க்காத மாதிரி பதிவேட்டைத் திருப்பி வைத்தேன்.

இதே தவறை நானும் செய்துவிடக் கூடாது. களத்தில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்ப்பேச்சு எழுதியது:

தலைப்பைப் பார்த்து அலுவலர்களுக்கே போதை ஏற்றப் போகிறார்களோ என்று பயந்துவிட்டேன்.

விளையாட்டு போகட்டும். எங்கள் தெருமுனையில் செல்போன் பறித்த பையன் ஒருவன். கோர்ட் நன்னடத்தையில் விட்டது. கண்காணிப்பு என்றார்கள். யார் கண்காணித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, அவன் மாலை ஆனால் போதையில் சுற்றுவது மட்டும் தெரியும். வாடை அடித்தால் கோர்ட்டுக்கு எழுதி உள்ளே அனுப்புங்கள். இதற்குப் பயிற்சி எதற்கு, ஒரு சுற்றறிக்கை போதாதா?

வேப்பமரத்தடி எழுதியது:

அம்மா, இதே வேலையை 31 வருடம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நேர்ப்பேச்சு தம்பி சொல்வதைத்தான் முதல் பத்து வருடம் செய்தேன். வாடை வந்தால் சத்தம் போடுவேன். "கோர்ட்டு உன்னை வெளிய விட்டது குடிக்கவாய்யா?" தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்கள். அடுத்த மாதம் வர மாட்டார்கள், வந்தால் பாக்கு மென்றுகொண்டு வருவார்கள். நான் குறைத்தது வாடையைத்தான், குடியை இல்லை.

ஒரு கொத்தனார். அடிதடி வழக்கு, இரண்டு வருடக் கண்காணிப்பு. அவரிடம் ஒரு நாள், அலுப்பில்தான், வேறு மாதிரி கேட்டேன்: "சரி, குடிக்கிறது இருக்கட்டும். குடிக்காம கடைசியா எப்ப இருந்தீங்க?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மாலை போட்டப்ப சார். நாப்பத்தெட்டு நாள்."

எப்படி முடிந்தது என்று கேட்டேன். சாமி பயம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "அந்த நாப்பத்தெட்டு நாளும் எல்லாரும் என்னை சாமின்னு கூப்பிட்டாங்க சார். மேஸ்திரி, டீக்கடைக்காரர், எம் பொண்டாட்டி கூட. ஒருத்தனும் வாய்யா ஒரு கட்டிங் போடலாம்னு கூப்பிடல."

அன்றைக்கு இருபது நிமிடம் பேசினோம். சாயங்காலம் கூலி வாங்கும் இடத்துக்கும் கடைக்கும் நடுவில் நூறு அடி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மேஸ்திரியிடம் பேசி, வாரக் கூலியை அவர் மனைவி வந்து வாங்கிக்கொள்கிற மாதிரி செய்தோம், அவர் சம்மதத்தோடுதான். குடியை விட்டுவிட்டாரா என்றால் இல்லை. வாரம் ஆறு நாள் இரண்டு நாளானது. அடிதடி நின்றது. என் கோப்பில் அது வெற்றி.

இந்தக் கேள்வியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் முதல் பத்து வருடம் வீணாகியிருக்காது.

இரவுப்பணி எழுதியது:

சிறை மருத்துவமனையில் மனநல செவிலியராக இருந்தவள். காவலர்களும் வருகிறார்கள் என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். முதல் நாள் முதல் மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள்: மூன்றாவது நாள்.

தினமும் குடிக்கிறவரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிமாண்டில் கொண்டு வருகிறார்கள். சனிக்கிழமை கை உதறல், வியர்வை, தூக்கமில்லை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். ஞாயிறு ராத்திரி ஆள் சுவரைத் தடவிக்கொண்டிருப்பார். பூச்சி ஊர்கிறது என்பார், செத்துப்போன அண்ணனோடு பேசுவார். காய்ச்சல் இருக்கும், நாடி ஓடும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பணியில் இருக்கும் காவலர் "நடிக்கிறான்" என்பார். அது நடிப்பு இல்லை. குடியை உடம்பு திடீரென்று இழந்ததால் வரும் டெலிரியம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். ஞாயிறு ராத்திரிதான் மருத்துவர் இல்லாத நேரமும்.

ஒரு முறை எங்கள் பிளாக்கில் இப்படி ஒருவரை அடக்குவதாக நினைத்துத் தனி அறையில் பூட்டினார்கள். காலையில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் பணியில் இருந்தேன். பிழைத்துக்கொண்டார். அதற்கு மேல் எழுத மனமில்லை.

காவலருக்கு மூளைப் படம் வேண்டாம். உள்ளே வரும்போதே மூன்று கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்: தினமும் குடிப்பீர்களா, கடைசியாக எப்போது குடித்தீர்கள், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. மூன்றுக்கும் பதில் எழுதி மருத்துவரிடம் போக வேண்டும், அன்றைக்கே. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிறை மருத்துவ அலுவலர்களுக்கு மனநல அவசர சிகிச்சையில் பயிற்சி தரச் சொல்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அறை வாசலில் நிற்கிறவர் மருத்துவர் இல்லையே, காவலர்தானே.

கொள்ளிடக்கரை எழுதியது:

வேப்பமரத்தடி ஐயா, அந்தக் கேள்வியைத் திருடிக்கொள்கிறேன். அக்கா, "மூன்றாவது நாள்" முதல் வகுப்பாகிவிட்டது.

ஆனால் ஒரு பயம் இருக்கிறது. ஒருவர் என்னிடம் உண்மையைச் சொன்னால் அதை நான் கோர்ட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டுமா? சொல்லாவிட்டால் நாளைக்கு ஏதாவது நடந்தால் என் கழுத்துக்குத்தான் கத்தி. வக்கீல்கள் யாராவது இருக்கிறீர்களா?

கறுப்புக்கோட்டு எழுதியது:

இருக்கிறேன். இந்தக் கேள்வியை அலுவலர்களே சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ள அரை நாள் கொடுங்கள், பலர் ஆச்சரியப்படுவார்கள்.

குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958. பிரிவு 4இல் கண்காணிப்பு உத்தரவு போடும்போது குடியிருப்பு, குடி மற்றும் போதைப் பொருளைத் தவிர்த்தல் போன்ற நிபந்தனைகளை நீதிமன்றம் சேர்க்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆக, குடி பற்றிய யோசனை நமக்கு இன்று வந்ததில்லை.

மீறினால் பிரிவு 9. நேர்ப்பேச்சு நினைப்பது போல "உடனே உள்ளே" என்று அது சொல்லவில்லை. பழைய குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கலாம், அல்லது முதல் மீறல் என்றால் பிணைப் பத்திரத்தைத் தொடரவிட்டு ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத அபராதம் போடலாம். ஐம்பது ரூபாய்! தொகையைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் மனிதன் ஒரு முறை சறுக்குவான் என்று 1958இல் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் பிரிவு 8 இருக்கிறது. நன்னடத்தை அலுவலரே மனுப் போட்டு நிபந்தனையை மாற்றச் சொல்லலாம். என் பதினாறு வருட வக்கீல் தொழிலில் அப்படி ஒரு மனுவை இரண்டு தடவைதான் பார்த்தேன். "இவர் வாரம் ஒரு முறை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் எந்த மாஜிஸ்திரேட்டும் கோபிக்க மாட்டார்.

என்.டி.பி.எஸ்., அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்ட வழக்கு என்றால் கதை வேறு. அதில் தண்டனை பெற்றவருக்குப் பிரிவு 33 நன்னடத்தைக் கதவை ஏறக்குறைய மூடிவிடுகிறது. 18 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும், அல்லது குற்றம் பிரிவு 26, 27ஆக இருக்க வேண்டும். 27 என்பது உட்கொண்ட குற்றம். போதைக்கு அடிமையான ஒருவர் அந்தப் பிரிவிலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ தண்டனை பெற்றால், பிரிவு 39படி அவர் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்பலாம். சிறிய அளவு என்றால் கஞ்சாவில் 1 கிலோ, ஹெராயினில் 5 கிராம். இந்த 39ஐ யாரும் கேட்பதில்லை. கேட்காததை நீதிமன்றம் கொடுக்காது.

தறிச்சத்தம் எழுதியது:

நான் அலுவலரும் இல்லை, வக்கீலும் இல்லை. என் வீட்டுக்காரர் கண்காணிப்பில் இருந்தார், அவ்வளவுதான்.

ஒரு அலுவலர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், சத்தம் போட மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இவர் பக்கத்தில் இருக்கும்போதே என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்னம்மா, இப்பவும் குடிக்கிறாரா?" நான் என்ன சொல்வேன் என்று நினைக்கிறீர்கள்? "இல்லைங்க சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டு போனார். அந்த வாரம் என் காதுத் தோடு அடகில் இருந்தது.

நீங்கள் யாருக்கு என்ன பயிற்சி கொடுத்தாலும் இதை மட்டும் சேருங்கள். பொம்பளையைத் தனியாகக் கேளுங்கள். நான் சொன்னது அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். அப்புறம், "அவர் குடித்தால் போன் பண்ணும்மா" என்று எங்களை ஒற்றர் ஆக்காதீர்கள். கூடப் படுத்து எழுந்திருக்கிறவள் நான்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

அக்கா கேட்டதற்குச் சட்டத்திலும் முழுப் பாதுகாப்பு இல்லை, அதையும் அலுவலர்கள் தெரிந்துகொள்ளட்டும். உத்தரவுக்கு முன் கொடுக்கும் அறிக்கை இரகசியம் என்கிறது பிரிவு 7. அடுத்த வரியிலேயே, நீதிமன்றம் நினைத்தால் சாரத்தை அந்த ஆளிடம் சொல்லலாம் என்கிறது. "மனைவி சொன்னார்" என்று அறிக்கையில் எழுதும் கை கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வகுப்பறை எழுதியது:

சமூகப்பணி சொல்லிக்கொடுக்கிறேன். பயிற்சி என்கிற விஷயத்தைப் பற்றியே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடத்திட்டத்தை விட அதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம்.

வேப்பமரத்தடி ஐயா தானாகக் கண்டுபிடித்த பேச்சு முறைக்கு அமெரிக்காவில் ஒரு பெயர் உண்டு, மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங். 1983இல் வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் குடிநோயாளிகளோடு பேசுவதிலிருந்து எழுதினார். பின்னாளில் ஸ்டீபன் ரோல்னிக் சேர்ந்துகொண்டார். அறிவுரையைக் குறை, கேள்வியைத் திற, மாற்றத்துக்கான காரணத்தை அவர் வாயிலிருந்தே வரவழை. சுருக்கம் அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது அந்த மில்லர் தன் பயிற்சியையே சந்தேகப்பட்டு 2001இல் வெளியிட்ட ஆய்வு. நன்னடத்தைக் கண்காணிப்பு வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு நாள் பட்டறை நடத்தினார். முடிந்ததும் தாளில் கேட்டால், "எங்கள் திறமை பெரிதும் வளர்ந்துவிட்டது" என்று எழுதினார்கள். அவர்கள் உண்மையில் பேசியதை ஒலிப்பதிவு செய்து கேட்டால் மாற்றம் கொஞ்சம்தான். எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சில் மாற்றமே இல்லை. நாம் பயிற்சி முடிவில் நிரப்பச் சொல்லும் "மிக நன்று, நன்று, சுமார்" தாளின் மதிப்பு என்ன என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். பிறகு 2004இல் அவர் குழு 140 பேரை வைத்துப் பார்த்தது. பட்டறையோடு விட்டவர்களிடம் கற்றது கரைந்தது, பட்டறைக்குப் பின் அவர்களுடைய பேச்சைக் கேட்டு யாராவது திருத்திக்கொண்டே இருந்தவர்களிடம் நின்றது.

கனடாவில் ஜேம்ஸ் போன்டா குழு 2011இல் வெளியிட்டதும் இதே திசை. மூன்று நாள் பயிற்சி, அப்புறம் மாதாமாதம் கூடி ஒருவர் பேச்சை ஒருவர் அலசுவது. அப்படிப் பயின்ற அலுவலர்களிடம் இருந்தவர்களில் இரண்டு வருடத்தில் மறுபடி குற்றம் செய்தவர்கள் சுமார் 25 சதவீதம், பயிற்சி பெறாதவர்களிடம் சுமார் 40 சதவீதம். ஆய்வில் இருந்தவர்கள் 143 பேர்தான், அதனால் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த அலுவலர்கள் ஒன்றும் புதிய மருந்து கொடுக்கவில்லை, அதே இருபது நிமிடத்தில் வேறு விதமாகப் பேசினார்கள்.

எனவே கொள்ளிடக்கரை, இரண்டு நாளை ஒன்றரை நாள் ஆக்குங்கள். மிச்சப்படும் அரை நாளை மூன்று துண்டாக வெட்டி மாதம் ஒரு மணி நேரம் என்று வையுங்கள்.

நேர்ப்பேச்சு எழுதியது:

கொத்தனார் கதை நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்குப் போடுங்கள். ஒரு அலுவலர், ஒரு மாவட்டம், எத்தனை கோப்பு? ஆளுக்கு இருபது நிமிடம் உட்கார்ந்து "குடிக்காம எப்ப இருந்தீங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தால் மற்ற வேலையை யார் பார்ப்பது?

வேப்பமரத்தடி எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டது நியாயம். எங்கள் வேலையில் பாதி நேரம் கண்காணிப்பே இல்லை. கைதி பரோல் கேட்டால் வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை, முன்விடுதலைக்கு அறிக்கை, ஆலோசனைக் குழுமத்துக்கு அறிக்கை. கிராம நிர்வாக அலுவலரைப் பார், பஞ்சாயத்துத் தலைவரைப் பார், பஸ்ஸைப் பிடி. 1936இலேயே மெட்ராஸ் மாகாணத்துக்கென்று நன்னடத்தைச் சட்டம் வந்துவிட்டது என்று பெருமை பேசுவோம். பெருமை சரி, ஜீப் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

ஆனாலும் ஒன்று. எல்லோருக்கும் இருபது நிமிடம் வேண்டாம். கையெழுத்துப் போட வருகிற பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் வேண்டும், மற்றவர்களுக்கு "பையன் ஸ்கூல் போறானா" போதும். அந்த இரண்டு பேர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் பயிற்சி. நான் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஐந்து நிமிடம் கொடுத்தேன், அதுதான் தவறு.

தேக்காக்காரன் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. போதை மறுவாழ்வு நிலையத்திலிருந்து வெளியே வருகிறவர்களோடு தொண்டூழியம் செய்கிறேன், தமிழ்ப் பையன்கள்தான் அதிகம் என் பக்கம். இங்கே முறை கடுமை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வெளியே வந்தவர் ஐந்து வருடம் வரை குறித்த நாளில் போய்ச் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும். போகாமல் இருந்தால் அதுவே குற்றம்.

இந்தக் கட்டுப்பாடு சிலரைக் காப்பாற்றுகிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். "இல்லடா, நாளைக்கு எனக்கு யூரின் இருக்கு" என்று சொல்லிக் கூட்டாளியிடமிருந்து தப்பிக்க ஒரு சாக்கு கிடைக்கிறது. அதே சமயம் ஒருத்தன் சறுக்கிவிட்டால் யாரிடமும் சொல்ல மாட்டான். என்னிடமே சொல்ல மாட்டான், எனக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று தெரிந்தும். ஊரில் இதைக் காப்பியடிக்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

இரவுப்பணி எழுதியது:

சிறுநீர் என்றதும் நினைவு வந்தது. சிறுநீரில் போதையைச் சோதிக்கும் ஸ்ட்ரிப் (பட்டை) வாங்கி மேசையில் வைத்துவிட்டால் கண்காணிப்பு ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவுகிறது. அது என்ன காட்டும், என்ன காட்டாது என்று தெரியாமல் தொடாதீர்கள்.

இப்போது நம் பையன்கள் கரைத்து ஊசியில் ஏற்றுவது டேபென்டடால் என்கிற வலி மாத்திரை. அது ஓபியம் வகை வேலையைச் செய்யும், ஆனால் வழக்கமான ஓபியேட் ஸ்ட்ரிப்பில் விழாது. அவன் கை முழுக்க ஊசித் தழும்பு இருக்கும், ஸ்ட்ரிப் "இல்லை" என்று சொல்லும். இன்னொரு பக்கம், தினமும் கஞ்சா அடித்தவன் உண்மையிலேயே நிறுத்தியிருந்தாலும் சில வாரம் வரை "இருக்கிறது" என்று காட்டலாம். நிறுத்தியவனைப் பொய்யன் என்று சொல்லிவிட்டால் அடுத்த முறை அவன் ஏன் நிறுத்த வேண்டும்? கசகசா வேறு இருக்கிறது. வளைகுடாவுக்குப் போகிறவர்களிடம் பெட்டியில் கசகசா வைக்காதே என்று ஊரில் சொல்லி அனுப்புவோமே, அதே காரணம்தான். நிறைய கசகசா போட்ட குருமா சாப்பிட்டவருக்கும் ஓபியேட் ஸ்ட்ரிப் கோடு மாறலாம்.

சிறையிலிருந்து வெளியே வரும் ஊசிப் பையன்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, இதைத் தயவு செய்து விட்டுவிடாதீர்கள். உள்ளே ஆறு மாதம் இல்லாமல் இருந்ததில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிப் போயிருக்கும். வெளியே வந்த சந்தோஷத்தில் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான முப்பதாயிரம் பேரைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியிட்டார்கள். முதல் இரண்டு வாரத்தில் அளவு மீறிய போதையால் சாகும் வாய்ப்பு மற்ற மக்களை விட 129 மடங்கு. நம் ஊர் எண் வேறாக இருக்கும், உடம்பு ஒன்றுதான். நன்னடத்தை அலுவலரின் முதல் சந்திப்பு ஒரு மாதம் கழித்து என்று இருந்தால், அந்த இரண்டு வாரம் யார் கையில்?

நல்லூரடி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் இதற்கென்றே 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம். சிறு குற்றத்துக்குச் சிறைக்குப் போகாமல் சமுதாய வேலை செய்விக்கலாம், கூடவே ஆலோசனையும். எனக்குத் தெரிந்த ஒரு உத்தியோகத்தர் கோயில் வீதி துப்பரவாக்கும் இடத்திலேதான் பொடியன்களோடு கதைப்பார். அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கதைத்தால் வாயே திறக்க மாட்டாங்கள், விளக்குமாறு கையில் இருக்கும்போது எல்லாம் சொல்லுவாங்கள் என்பார். கசிப்பு (கள்ளச் சாராயம்), தூள் (ஹெராயின்), இப்ப ஐஸ் (மெத்தாம்பெட்டமைன்). ஐஸ் எடுக்கிறவனுக்குக் கசிப்புக்காரனுக்குச் சொல்லுகிற அறிவுரை பொருந்தாது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐஸ் பொடியன் நாலு நாள் நித்திரையில்லாமல் சந்தேகத்தோடு இருப்பான், அவனிடம் கேள்வி கேட்கிறதே ஆபத்து. முதலில் படுக்க விட வேணும்.

ஒன்று கேட்கிறேன், குறை நினைக்காதேங்கோ. உங்கட பயிற்சியில் போதையிலிருந்து மீண்ட ஆள் ஒருவராவது பேசுவாரா? இல்லையென்றால் முப்பது பேர் கூடி இல்லாத ஒருவரைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போவீர்கள்.

கொள்ளிடக்கரை எழுதியது:

குறை நினைக்கவில்லை அண்ணா, வெட்கமாக இருக்கிறது. பேச வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலில் மனநல மருத்துவர் இரண்டு பேர், மாஜிஸ்திரேட் ஒருவர், டி.ஐ.ஜி. இருக்கிறார்கள். மீண்டவர் ஒருவரும் இல்லை. சேர்க்கிறேன்.

இன்னும் என் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. சறுக்கல் ஒவ்வொன்றையும் எழுத வேண்டுமா?

கறுப்புக்கோட்டு எழுதியது:

எழுதத்தான் வேண்டும் என்பேன். எழுதாமல் விட்டு நாளைக்கு அவர் யாரையாவது குத்திவிட்டால் உங்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்பவன் நானாகக் கூட இருப்பேன். கோப்பில் இருக்கட்டும். கோர்ட்டுக்குப் போக வேண்டுமா என்பது வேறு கேள்வி.

வகுப்பறை எழுதியது:

எழுதினால் அவர் அடுத்த முறை பேச மாட்டார் என்பதுதானே தேக்காக்காரர் சொன்னது. எனக்கு ஒப்பவில்லை.

வேப்பமரத்தடி எழுதியது:

இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம். நான் செய்தது இது, சரியா தவறா நீங்களே சொல்லுங்கள். முதல் சந்திப்பிலேயே உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன்: "குடிச்சேன்னு நீங்களே வந்து சொன்னா எழுதுவேன், கூடவே நீங்களா வந்து சொன்னீங்கன்னும் எழுதுவேன். மறைச்சு எனக்கு வேற வழியில தெரிஞ்சா அதையும் எழுதுவேன். பொண்டாட்டிய அடிச்சீங்கன்னா, வண்டி ஓட்டினீங்கன்னா அன்னிக்கே கோர்ட்டுக்குப் போகும்." விதியை முன்கூட்டிச் சொன்ன பிறகு யாரும் என்னைத் துரோகி என்று நினைத்ததில்லை. விதி தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள்தான் அப்படி நினைத்தார்கள்.

நேர்ப்பேச்சு எழுதியது:

இது சரி. எங்கள் தெருப் பையனிடம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நானும் இங்கே கத்திக்கொண்டிருக்க மாட்டேன்.

கொள்ளிடக்கரை எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பயிற்சி முடிந்தது.

குத்துவிளக்கைத் தவிர்க்க முடியவில்லை. பொன்னாடையைத் தவிர்த்தோம், அதற்கே ஒரு வாரக் கடிதப் போக்குவரத்து. மூளைப் படம் பத்து நிமிடம். "மூன்றாவது நாள்" வகுப்பில் ஒரு காவலர் எழுந்து, "அப்படின்னா நாங்க அன்னிக்குப் பூட்டினது நோயாளியைத்தானா மேடம்?" என்று கேட்டார். மனநல மருத்துவர் ஆமாம் என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இப்போது அந்த மூன்று கேள்வியையும் ரப்பர் ஸ்டாம்ப் செய்து அட்மிஷன் பதிவேட்டில் குத்துகிறார்கள், அந்த ஒரு சிறையில் மட்டும்.

நடித்துப் பார்க்கும் பகுதியில் ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் ஒரு தலைமைக் காவலர் குடித்துவிட்டு வரும் ஆளாக நடித்தார். எதிரே ஒரு இளம் அலுவலர். அவர் மூன்றாவது கேள்வியிலேயே அறிவுரையில் இறங்கிவிட்டார். தலைமைக் காவலர் நடிப்பை விட்டுவிட்டு, "தம்பி, இதெல்லாம் எங்க அம்மாவே சொல்லிட்டாங்க" என்றார். சிரித்து முடிக்க ஐந்து நிமிடம். அந்த வரி இப்போது எங்கள் அலுவலகத்தில் பழமொழி. யாராவது போனில் அறிவுரை ஆரம்பித்தால் பக்கத்து மேசையிலிருந்து "அம்மா சொல்லிட்டாங்க" என்று குரல் வரும்.

மீண்டவர் ஒருவர் வந்தார், ஒன்பது வருடமாகக் குடிக்காதவர், இப்போது ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலை. அவரும் கண்காணிப்பில் இருந்தவர்தான். எந்த அலுவலர் உதவினார் என்று கேட்டோம். "பேர் ஞாபகம் இல்ல, உட்காரச் சொன்னவர்" என்றார்.

தறிச்சத்தம் அக்கா, வீட்டுக்குப் போகும்போது தனியாகக் கேட்பது பற்றி உங்கள் வார்த்தையை, பெயர் இல்லாமல், அப்படியே படித்துக் காட்டினேன். மாதாந்தர ஒரு மணி நேரத்துக்கு எழுத்தில் அனுமதி கிடைக்கவில்லை. ஏழு பேர் சேர்ந்து சனிக்கிழமை போனில் பேசிக்கொள்கிறோம். அவரவர் அந்த வாரம் பேசியதில் ஒன்றை அப்படியே சொல்ல வேண்டும், மற்றவர்கள் திட்டலாம்.

வேப்பமரத்தடி எழுதியது:

எல்லாம் சரி அம்மா. அந்தத் திங்கட்கிழமை ஆள்?

கொள்ளிடக்கரை எழுதியது:

போன வாரம் வந்தார் ஐயா. வாடை இருந்தது. பதிவேட்டைத் திருப்பி வைக்காமல் உட்காரச் சொன்னேன், உங்கள் கேள்வியைக் கேட்டேன். அவர் மாலை எல்லாம் போட்டதில்லை. யோசித்துவிட்டு, "கொரோனாவில் கடை மூடியிருந்தாங்களே, அந்த நாப்பது நாள்தான் மேடம்" என்றார். முதல் நாலு நாள் கை உதறி, தூக்கமில்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாராம். அப்புறம்?

"அப்புறம் பொழுது போகல. பொண்ணுக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தேன்."

சைக்கிள் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டேன். "வீட்டுலதான் இருக்கு மேடம், செயின் அறுந்து போச்சு" என்றார்.